குளத்துக்கு மானியம் கேட்பது எப்படி? கடைமடையிலிருந்து ஒரு பாடம்

"இந்தக் குளத்தை வெட்டினா எத்தனை ஏக்கர் பாயும்?"

பார்வையிட வந்த பொறியாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான். நாங்கள் ஏழு பேர் கரையில் நின்றோம். ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவர் நூறு என்றார், இன்னொருவர் ஊரே பாயும் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருஷமாக அந்தக் குளத்துக்குப் பக்கத்திலேயே நெல் போடுகிறவன் நான். அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. அவர் குறை சொல்லவில்லை. "கணக்கு இல்லாம நான் மேல எதை சார் எழுதறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குளம், வாய்க்கால், கரை மரம், மண்வளம் என்று பசுமைப் பணிகளுக்கும், பருவநிலையைக் கெடுக்கும் வாயுக்களைக் குறைக்கும் வேலைகளுக்கும் இன்று மானியம் இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது, கேட்பவர் கையில் என்ன இருக்க வேண்டும், வந்த பிறகு என்ன ஆகிறது என்ற மூன்றும் தெரியாமல் மனு எழுதினால் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும். எங்களுடைய முதல் மனு போனது போல.

நான் காரைக்காலில் திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்தவன். சொந்தம் 5 மா, குத்தகை 12 மா. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் 3 மா ஒரு ஏக்கர், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். குறுவைக்குப் பூங்கார், சம்பாவுக்குச் சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும். அரசலாறும் திருமலைராஜனாறும் நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களைத் தாண்டித்தான் எங்களிடம் வருகின்றன. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் மடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தந்த வருஷத்து அதிர்ஷ்டம். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு என்று 7 டி.எம்.சி. எழுதியிருக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கும் 7 டி.எம்.சி. வயலுக்கு வர வாய்க்கால் வேண்டும், வந்ததைப் பிடித்துவைக்கக் குளம் வேண்டும்.

எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் நாங்கள் புதுச்சேரி. 2020-ல் தமிழக அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் எங்கள் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு. மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும்போது யூனியன் பிரதேசமான நாங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை, தனியாக மத்திய அரசு தருவதுதான். உள்ளாட்சித் தேர்தல் 1968-க்கு அப்புறம் 2006-ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததோடு சரி, பல வருஷம் ஊருக்குத் தலைவர் என்று ஒருத்தர் இல்லை. கொம்யூன் ஆணையரிடம்தான் போக வேண்டும். குளம் தூர்ந்தால் யார் வாசலில் போய் உட்காருவது என்ற கேள்வி தமிழ்நாட்டு உழவரைவிட எங்களுக்குக் கூடுதல் சிக்கல்.

மானியம் யார் பெயரில் வரும்?

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: "ஏன் தம்பி, பணம் வந்தா யாரு பேர்ல வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதைவிட நல்ல கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, கடன். வெண்ணாற்றுப் படுகையில் வாய்க்கால்களையும் மதகுகளையும் பருவநிலை மாற்றத்துக்குத் தாங்குகிற மாதிரி சீரமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 10 கோடி டாலர் கொடுத்ததே, அது கடன். தமிழக அரசு திருப்பிக் கட்ட வேண்டும். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு என்று அதில் வருகிறவை எங்களுக்குத் தெற்கே இருப்பவை. இரண்டாவது, உழவர் கணக்கில் நேராக வருவது. பரம்பரகத் கிருஷி விகாஸ் திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று வருஷத்துக்கு 31,500 ரூபாய் ஒதுக்கினார்கள், அதில் இயற்கை இடுபொருளுக்கென்று 15,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும்படி வைத்தார்கள். குழுவாகச் சேர்ந்து சான்றிதழ் எடுக்க வேண்டும். மாநிலங்களில் மத்திய பங்கு 60 சதவீதம், யூனியன் பிரதேசங்களுக்கு முழுக்க மத்திய அரசு. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் லாபம்.

மூன்றாவதுதான் நம் விஷயம்: ஒரு வட்டாரத்துக்கு வரும் மானியம். இது உழவர் பெயரில் வராது, சங்கத்தின் பெயரிலும் வராது. துறையின் பெயரில் வரும். 2015-ல் மத்திய அரசு பருவநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதி என்று ஒன்றைத் தொடங்கியது. 27 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 30 திட்டங்களுக்கு மொத்தம் 847.48 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. தமிழ்நாட்டுக்கு மன்னார் வளைகுடாக் கரையோர வாழிடங்களைச் சீரமைக்க 24.74 கோடி. புதுச்சேரிக்கு 16.76 கோடி. எதற்குத் தெரியுமா? 20 ஏரிகளையும் 32 ஊர்க் குளங்களையும் புதுப்பித்து மேல்நீரைச் சேர்த்துவைக்க. ஆக, குளம் வெட்டுவது பருவநிலை வேலைதான் என்று டெல்லியே ஒத்துக்கொண்டு பணம் ஒதுக்கியிருக்கிறது. "குளம் வேற, கிளைமேட் வேற" என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதைக் காட்டுங்கள்.

அந்தப் பணம் போகும் பாதை இது. துறை முன்மொழிவு தயாரிக்கும். மாநில அளவில் ஒரு குழு பார்க்கும். நபார்டு வங்கி சரிபார்க்கும். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தேசியக் குழு ஒப்புதல் கொடுக்கும். இதில் உழவர் நுழையக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, முதல் படி. துறை அறிக்கை எழுதும்போது மேசையில் நம் கணக்கு இருந்தால் நம் குளம் பட்டியலில் ஏறும். ஏறாவிட்டால் அதற்கப்புறம் எந்த மேசையிலும் அதைச் சேர்க்க முடியாது.

இந்தத் திட்ட அறிக்கை எழுதவே பணம் வேண்டும் என்பதை நம்மூரில் யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் 2022-ல் போட்ட ஒரு சட்டத்தில், பருவநிலையைக் கெடுக்கும் மாசைக் குறைக்க 500 கோடி டாலர் மானியம் வைத்தார்கள். அதில் 25 கோடியை முதலில் தனியாக எடுத்து, திட்டம் தீட்டுவதற்கு மட்டும் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 லட்சம் டாலர், பெரிய நகர வட்டாரங்களுக்குத் தலா 10 லட்சம். திட்டம் எழுதி முடித்தவர்கள்தான் அடுத்த கட்டப் பெரிய பணத்துக்குப் போட்டி போடலாம். பல ஊராட்சிகள் ஒன்று சேர்ந்து ஒரே வட்டாரமாகக் கேட்கவும் வழி இருந்தது. பணக்கார நாட்டுக் கதை நமக்கெதுக்கு என்று கேட்கலாம். அங்கே அரசு காசு கொடுத்துச் செய்யவைக்கிற அளவெடுப்பை நாம் கயிறும் நோட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் எப்படிக் கோட்டைவிட்டோம்

2019-ல் காரைக்காலில் "நம் நீர்" என்று ஒரு வேலை நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்போதைய ஆட்சியர் விக்ராந்த் ராஜா முன்னின்று, கோயில்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, நூறு நாள் வேலை, மாணவர்கள், ஊர் மக்கள் என்று எல்லாரையும் சேர்த்து மூன்று மாதத்தில் 178 நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். பெரிய மானியம் வரும்வரை காத்திருக்காமல் இருக்கிற பணத்தையெல்லாம் ஒரே திசையில் திருப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

அந்த 178-ல் எங்கள் குளம் இல்லை. அதற்கு முன்பே வேறொரு வேலையில் ஒரு தடவை வெட்டியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். வெட்டினது உண்மை. ஜே.சி.பி. வந்தது, மண் எடுத்தது, போட்டோ எடுத்தார்கள். ஆனால் வரத்து வாய்க்காலைத் தொடவே இல்லை. ஆற்று மதகிலிருந்து குளத்துக்கு வரும் முக்கால் கிலோமீட்டர் வாய்க்கால் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்குமாக அடைந்து கிடந்தது. நடுவில் ஒரு சிறு பாலத்தின் குழாய் தூர்ந்திருந்தது. வெட்டின குளத்தில் மழைத் தண்ணீர்தான் நின்றது, ஆற்றுத் தண்ணீர் வரவில்லை. மூன்றே வருஷத்தில் கரை மண் சரிந்து பழையபடி ஆனது. ஒப்பந்தக்காரர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, நாங்கள் கொடுத்த மனுவிலும் "குளம்" என்று மட்டும்தான் எழுதியிருந்தோம்.

அடுத்த மனுவில் வேறொரு தப்பு. என் வீட்டில் இருந்த பழைய பத்திரத்தைப் பார்த்து குளத்தின் எண்ணை எழுதினேன். அது பிரெஞ்சுக் காலத்துக் கதாஸ்தர் எண். இப்போது பதிவேட்டில் இருப்பது மறு அளவை எண், ஆர்.எஸ். நம்பர் என்போம். அந்த எண்ணில் போய்ப் பார்த்தால் யாருடைய தென்னந்தோப்போ இருந்திருக்கிறது! மனு திரும்பி வந்தது. காரைக்கால், புதுச்சேரி உழவர்கள் இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள், பரப்பை ஹெக்டேர், ஆர், சென்டியர் என்று பதிவேட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள், மாவும் குழியும் வேண்டாம். பதிவேட்டுப் பரப்புக்கும் இப்போது நிற்கிற குளத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எங்கள் குளத்தில் கிழக்குக் கரை ஓரமாக ஆக்கிரமிப்பு. அதைச் சொல்ல ஊரில் பாதிப் பேருக்கு மனசில்லை, காரணம் எங்களில் ஒருவருடைய வைக்கோல் போரும் அங்கேதான் இருந்தது. அவர் தானாக எடுத்துக்கொண்டார். எடுக்கும் வரை அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது வேறு விஷயம்.

கணக்கு இதுதான்

பொறியாளர் கேட்ட கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி கூட்டிப் பெருக்கினாள்.

குளம் ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஒரு மீட்டர் ஆழம் கூடினால் கூடுதலாகப் பிடிக்கும் தண்ணீர் 4,047 கன மீட்டர், அதாவது 40 லட்சம் லிட்டருக்கு மேல். வயலுக்கு ஒரு தடவை 5 சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட ஏக்கருக்குச் சுமார் 202 கன மீட்டர் வேண்டும். வகுத்தால் 20. ஒரு மீட்டர் தூரெடுத்தால் 20 ஏக்கருக்கு ஒரு தண்ணீர். வெயிலில் போவது, மண்ணுக்குள் இறங்குவது எல்லாம் கழித்தால் இன்னும் குறையும். பெரிய கணக்கு இல்லைதான். ஆனால் பூங்கார் பூக்கும் நேரத்தில் ஆறு காய்ந்துபோனால் அந்த ஒரு தண்ணீர்தான் பதருக்கும் நெல்லுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு வருஷம் அந்த ஒரு தண்ணீர் இல்லாமல் 12 மா குத்தகை நிலத்தில் வைக்கோல் மட்டும் அறுத்தேன். குத்தகையை நெல்லாக அளக்க வேண்டியிருந்தது, சந்தையில் வாங்கி அளந்தேன்.

தண்ணீர்க் கணக்கோடு மண் கணக்கும் சேர்த்து எழுத வேண்டும். 4,047 கன மீட்டர் மண்ணை எடுத்தால் எங்கே கொட்டுவது? ஒரு டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று பிடித்தால் கிட்டத்தட்ட 1,350 நடை. கரையிலேயே குவித்தால் முதல் ஐப்பசி மழையில் மறுபடி குளத்துக்குள் வரும். வண்டலாக வயலில் 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் 20 ஏக்கருக்கு ஆகும். எந்தெந்த உழவர் எடுத்துக்கொள்கிறார் என்று கையெழுத்தோடு ஒரு பட்டியல் இணைத்தோம். பரப்புவதற்கு முன் அந்த மண்ணில் உப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள், செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலும் சொல்வார்கள். மண்ணின் மின்கடத்துதிறன் 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் இறங்க ஆரம்பிக்கும்.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் என்று நினைத்துக் களிமண் அடுக்கை உடைத்துவிட்டால் கீழே மணல், தண்ணீர் நிற்காது. கடலோரத்தில் இன்னும் மோசம், உப்புத் தண்ணீர் ஊறி மேலே வரும். குளத்தில் மூன்று இடத்தில் கையாலேயே குழி போட்டு, களி எந்த ஆழம் வரை இருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுத்தோம். இதைத்தான் அந்தப் பொறியாளர் முதலில் படித்தார்.

நம் வயலிலும் மாசு உண்டு

மாசு என்றதும் நமக்குப் புகையும் தூசியும்தான் நினைவுக்கு வரும். துறைமுகப் பக்கம் போனால் நிலக்கரி கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலில் காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நாம் ரசாயனம் போடாதவர்கள், நம் வயலில் மாசே இல்லை என்று நம்மில் பலர் பேசுகிறோம். நானும் மேடையில் பேசியிருக்கிறேன். அது சரியில்லை. உரத்திலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு நமக்குக் குறையலாம். ஆனால் பச்சை வைக்கோலையோ மக்காத எருவையோ நடவுக்கு முன்னால் உடனே மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் மீத்தேன் கூடத்தான் செய்யும். அதே வைக்கோலை ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டியே மடக்கி உழுதால் அந்தக் கூடுதல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நன்றாக மக்கின கம்போஸ்ட்டில் இன்னும் குறைவு. தக்கைப்பூண்டை மடக்கி உழுதுவிட்டு மறுநாளே நடுகிற பழக்கத்தை நான் அதற்கப்புறம் மாற்றிக்கொண்டேன்.

இரண்டாவது வழி, காயவிட்டுப் பாய்ச்சுவது. 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பி.வி.சி. குழாய், அதன் கீழ்ப் பாதியில் துளைகள். துளையிட்ட பாதியை வயலில் 15 சென்டிமீட்டர் ஆழம் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம். குழாய்க்குள் தண்ணீர் 15 சென்டிமீட்டர் கீழே போகும்வரை பாய்ச்ச வேண்டாம், போனதும் 5 சென்டிமீட்டர் கட்டலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சம், மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாகும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. களை கூடும், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோனோ வீடர் இரண்டு தடவை கூடுதலாக ஓட்ட வேண்டியிருக்கும்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி எழுந்தார். "அண்ணே, இன்னிக்கு நான் காயவிட்டுட்டா, நாளைக்கு மொறை வரலேன்னா யார் அண்ணே தண்ணி குடுக்குறது?"

எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தலைமடைக்காரருக்கு நாளைக்கும் தண்ணீர் வரும் என்று தெரியும், அவர் காயவிடலாம். கடைமடையில் இருக்கும் நாங்கள் வந்த தண்ணீரை வரப்பு மட்டத்துக்குக் கட்டிவைப்போம். அது பேராசை இல்லை, பயம். அந்தப் பயத்தில் கட்டிவைத்த தண்ணீரில்தான் மீத்தேன் ஊறுகிறது. பக்கத்தில் குளம் நிறைந்து கிடந்தால்தான் எங்கள் ஆள் வயலைக் காயவிடுவார். அதனால் குளம் வெட்டுவது வறட்சிக்கு மட்டும் அல்ல, மாசைக் குறைக்கும் வேலையும் அதுவேதான். நாங்கள் இரண்டு தலைப்பில் இரண்டு மனு போட இருந்தோம். இரண்டையும் ஒன்றாக்கி, இந்தக் குளத்துக்குக் கீழே 20 ஏக்கரில் குறுவையைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் செய்கிறோம் என்று 14 உழவர் கையெழுத்தோடு கொடுத்தோம்.

இதற்கும் ஒரு எல்லையை எழுதினோம். சம்பாவில் இது முடியாது. ஐப்பசி கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போது காரைக்காலில் வயலைக் காயவிடுவது நம் கையில் இல்லை. அப்போது வேண்டியது வடிகால். எங்கள் பக்கத்தில் பாசன வாய்க்காலே பல இடங்களில் வடிகாலும் கூட. வரத்து வாய்க்காலைச் சீர்செய்தால் கோடையில் தண்ணீர் வரும், கார்த்திகையில் வெள்ளம் வடியும். அந்த வாய்க்காலின் தலைப்பு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே அடைத்துக் கிடந்தால் இங்கே எத்தனை கோடி செலவழித்தும் பிரயோஜனமில்லை. அதனால் அந்த ஊர் உழவர்களையும் போய்ப் பார்த்தோம். அவர்கள் அவர்களுடைய மாவட்டத்தில் ஒரு மனு கொடுத்தார்கள், நகலை எங்கள் மனுவோடு இணைத்தோம். இரண்டு அரசு என்றாலும் வாய்க்கால் ஒன்றுதான்.

வெட்டின பிறகு

மானியம் வெட்டுவதற்கு வரும். வருஷா வருஷம் வெங்காயத்தாமரை அள்ள வராது. வருகிற திட்டமும் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது. நான் மேலே சொன்ன தேசிய நிதியை 2022 நவம்பரில் திட்டம் என்ற நிலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் 2025-ல் ஆட்சி மாறியதும் பருவநிலை மானியங்கள் பலவற்றை நிறுத்திவைத்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

புதுச்சேரிப் பகுதியில் 1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் வேலை தொடங்கியது. கரை கட்டுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கம் அமைத்தார்கள். அதற்கும் முன்னால், பிரெஞ்சுக் காலத்தில் பாகூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்துக்கு உழவர் சங்கங்களும் அவற்றுக்குப் பொதுப் பணமும் இருந்தன. ஆயக்கட்டுக்காரர்களே போட்டு, அவர்களே செலவழித்தது. நமக்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

எங்கள் மனுவின் கடைசிப் பக்கத்தில் பராமரிப்பை எழுதினோம். மாவுக்கு ஒரு மரக்கால் நெல் வருஷத்துக்கு ஒரு தடவை. மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கைக் குளத்துக்கே திருப்ப வேண்டும் என்று ஒரு கோரிக்கை. கரையில் பனை விதை ஊன்றும் பொறுப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. மரக்காலுக்கு ஒத்துக்கொள்ள வைக்கத்தான் மூன்று கூட்டம் ஆனது. "கவர்மெண்டுதானே செய்யணும்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. நியாயமான பேச்சுதான், குளம் அரசு நிலம். ஆனால் ஆடியில் தண்ணீர் வந்தபோது மதகு அடைத்திருந்தால் தவிப்பது நாம்தான்.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பொறியாளர் இரண்டாவது தடவை வந்து சங்கிலி பிடித்து அளந்தார், நாங்கள் போட்ட மூன்று குழியையும் பார்த்தார், பட்டியலில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். அதற்கிடையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர் சேர்ந்து வரத்து வாய்க்காலில் இறங்கி, தூர்ந்த குழாயைத் திறந்துவிட்டோம். இந்த ஆடியில் முதல் தடவையாக ஆற்றுத் தண்ணீர் குளத்துக்குள் வந்தது, முழங்கால் அளவுதான்.

குளத்துக்கு மேற்கே இரண்டு, கிழக்கே ஒன்று என்று மூன்று கிணறுகளில் சித்திரையிலிருந்து மாதம் முதல் தேதி கயிறு விட்டு அளக்கிறோம். வெட்டுவதற்கு முன்னால் நீர்மட்டம் எங்கே இருந்தது என்று எழுதிவைக்காவிட்டால், வெட்டின பிறகு ஏறியது என்று எப்படிக் காட்டுவது? நோட்டு அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம்தான் இருக்கிறது. நாங்கள் வைத்திருந்தால் தொலைத்துவிடுவோம் என்று அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த அளவு ஆவணி ஒன்றாம் தேதி.